கையடக்கக் கணினிக்குள் ஓர் ஆய்வுக்கூடம்

கல்லூரி இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றுவோர் அனைவரும் அறிந்த ஓர் அதிசயம் உண்டு. கூட்டு ஊசல் சோதனையை இருபத்து நான்கு மாணவர்கள் தனித்தனியே செய்கிறார்கள். ஊசல்கள் வெவ்வேறு, நிறுத்துக் கடிகாரங்களும் வெவ்வேறு, அவற்றுள் இரண்டொன்று அழுத்தினால் நிற்பதுகூட இல்லை. ஆயினும் ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தால், புவியீர்ப்பு முடுக்கத்தின் மதிப்பு ஏறக்குறைய எல்லாருக்கும் 9.8 மீ/வி² என்றே வந்திருக்கும். இன்னும் கவனமான சிலருக்கு 9.81 என்று வந்திருக்கும். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், சென்னையில் புவியீர்ப்பு முடுக்கம் ஏறத்தாழ 9.78 தான். 9.81 என்பது லண்டன் மாநகரத்துக்குப் பொருந்தும் எண். நம் மாணவர் இங்கே உட்கார்ந்தபடியே லண்டனின் ஈர்ப்பை அளந்துவிடுகிறார்!

இதற்குக் காரணம் மாணவரின் நேர்மைக் குறைவு மட்டுமன்று. விடை முன்கூட்டியே தெரிந்த ஒரு கேள்வியை அவரிடம் கேட்கிறோம். விடைக்கு அருகில் வந்தால் மதிப்பெண் தருகிறோம். வராவிட்டால் 'மறுபடி செய்' என்கிறோம். மணியடிக்க ஐந்து நிமிடமே இருக்கும்போது மறுபடி செய்வதைவிட, விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு அலைவு நேரத்தை நிரப்புவது எளிது. மாணவனாக இருந்தபோது நானும் அப்படி நிரப்பியவன்தான்.

கையடக்கக் கணினியைப் பற்றிய கட்டுரையில் ஊசலுக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். வகுப்பறைக்குப் பயன்படும் செயலிகள் எவை என்று சக ஆசிரியர்கள் என்னிடம் கேட்கும்போதெல்லாம் இந்த ரெக்கார்டு நோட்டுகளே என் நினைவுக்கு வருகின்றன. ஒரு செயலி, விடையைக் காட்டுகிறதா, அளக்க வைக்கிறதா என்பதைப் பார்த்தே அதை நான் எடைபோடுகிறேன்.

கையடக்கக் கணினி என்ற எண்ணமே பிள்ளைகளை முன்னிட்டுப் பிறந்ததாகும். 1972-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் பணியாற்றிய ஆலன் கே என்பவர், 'டைனபுக்' என்னும் கருவியை ஒரு கட்டுரையில் வருணித்தார். நோட்டுப் புத்தகத்தின் பருமன், தட்டையான திரை, எங்கும் எடுத்துச் செல்லும் வசதி, இவை யாவும் அதில் இருந்தன. அது எல்லா வயதுக் குழந்தைகளுக்கும் உரிய சொந்தக் கணினி என்றார் அவர். அன்றைய தொழில்நுட்பத்தில் அதை உருவாக்க இயலவில்லை. 2010-இல் ஐபேட் வந்தது. 2011-இல் நம் நாட்டில் மாணவர்களுக்கென்றே 'ஆகாஷ்' என்ற மலிவு விலைக் கருவி அறிமுகப்படுத்தப்பட்டது. இன்று 'டேப்' என்ற சுருக்கப் பெயருடன் இக்கருவி பல பள்ளிகளுக்குள் நுழைந்துவிட்டது. ஆனால், கே கற்பனை செய்த குழந்தை தானே நிரல் எழுதும், தானே ஆராயும். நம் வகுப்புகளில் டேப்பின் பெரும்பகுதி வேலை காணொளி காட்டுவதாகவே இருக்கிறது. காணொளி தவறன்று, ஆனால் அதற்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டியே போதும்.

டேப்புக்கும் தொலைக்காட்சிக்கும் உள்ள உண்மையான வேறுபாடு அதன் வயிற்றுக்குள் இருக்கிறது. அங்கே ஒலிவாங்கி உண்டு, ஒளியுணர்வி உண்டு, முடுக்கமானி உண்டு. சிலவற்றில் காந்தமானியும் காற்றழுத்தமானியும் உண்டு. இவற்றைத் தனித்தனியே வாங்க வேண்டுமானால், ஒரு சிறு கல்லூரியின் ஆய்வுக்கூட நிதி தாங்காது. இந்த உணர்விகளின் அளவீடுகளை வரைபடமாகவும் எண்களாகவும் வெளியே எடுத்துத் தரும் செயலிகளுள் நான் மிகுதியாகப் பயன்படுத்துவது 'ஃபைஃபாக்ஸ்'. ஜெர்மனியில் ஆகன் நகரிலுள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் இயற்பியலார் 2016-இல் இதை வெளியிட்டனர். கட்டணம் இல்லை. பதிவிறக்கிவிட்டால் சோதனை செய்வதற்கு இணையத் தொடர்பும் தேவையில்லை.

மேசைமேல் சும்மா கிடக்கும் டேப்

முதலில் மிக எளிய சோதனையொன்றைக் காண்போம். ஃபைஃபாக்ஸில் 'ஈர்ப்புடன் கூடிய முடுக்கம்' என்ற பிரிவைத் திறந்து, டேப்பை மேசைமேல் மல்லாத்தி வைத்துவிடுங்கள். அது அசையவில்லை. ஆகவே முடுக்கம் சுழி என்று காட்ட வேண்டுமல்லவா? அது காட்டுவதோ ஏறத்தாழ 9.8! அதுவும் மேல்நோக்கி!

வகுப்பில் இந்த இடத்தில் ஒரு சலசலப்பு எழும். "கருவி கெட்டுவிட்டது, சார்" என்று ஒரு குரலாவது வரும். கருவி கெடவில்லை. அது எதை அளக்கிறது என்பதை அறிய, அதன் அமைப்பைப் பார்க்க வேண்டும்.

சிலிக்கானில் செதுக்கிய மிக நுண்ணிய கட்டியொன்று, அதே சிலிக்கானாலான மெல்லிய வில்களால் தாங்கப்பட்டிருக்கிறது. அதன் பக்கங்களில் சீப்பின் பற்கள்போல் தகடுகள் நீண்டிருக்கின்றன. அவற்றுக்கு எதிரே, சட்டத்தில் நிலையாகப் பொருத்திய மற்றொரு சீப்பு. இரு சீப்புகளின் பற்களும் ஒன்றுக்கொன்று இடையே நுழைந்து நிற்கின்றன. எதிரெதிரான இரு பற்களும் சேர்ந்து ஒரு மின்தேக்கி ஆகின்றன. கட்டி சற்றே நகர்ந்தால் பற்களுக்கிடையே உள்ள தூரம் மாறும். அதனால் மின்தேக்குதிறன் மாறும். அம்மாற்றத்தை ஒரு மின்சுற்று அளந்து முடுக்கமாகக் கூறுகிறது. பற்களுக்கிடையே உள்ள இடைவெளி தலைமயிரின் தடிப்பில் ஒரு சிறு பங்குதான். 1990-களில் கார் மோதும்போது காற்றுப் பையை விரிக்கச் செய்வதற்காகப் பெருமளவில் உற்பத்தியான இந்த உறுப்புதான், இன்று டேப்பைத் திருப்பினால் திரைப்படத்தையும் உடன் திருப்பிவிடுகிறது.

இப்போது மேசைமேல் இருக்கும் டேப்பை எண்ணுங்கள். புவி அந்தக் கட்டியைக் கீழே இழுக்கிறது. வில்கள் சற்றே நீண்டு அதைத் தாங்குகின்றன. கட்டி கீழே தொங்குகிறது. கருவிக்குத் தெரிந்ததெல்லாம், கட்டி இடம் பெயர்ந்திருக்கிறது என்பதே. டேப் விண்வெளியில் 9.8 மீ/வி² முடுக்கத்துடன் மேல்நோக்கிச் சென்றாலும் கட்டி இதே அளவுதான் பின்தங்கும். இரண்டையும் வேறுபடுத்திக் காணும் வழி கருவிக்கு இல்லை. வில் எவ்வளவு தாங்குகிறது என்பதையே முடுக்கமானி அளக்கிறது. பெயர்தான் நம்மை ஏமாற்றுகிறது. அதே செயலியில் 'ஈர்ப்பு நீங்கலான முடுக்கம்' என்று மற்றொரு பிரிவும் உண்டு. அது புவியின் பங்கைக் கணக்கிட்டுக் கழித்துவிட்டுத் தரும். முதலில் அதைத் திறக்காதீர்கள், வேடிக்கை போய்விடும்.

இதன் அடுத்த படியைத்தான் என் வகுப்பில் ஒரு முழுப் பாட வேளைக்கு நீட்டினேன். 'ஒரு டேப்பைச் செங்குத்தாக மேலே எறிகிறோம். அது உச்சியை அடையும் கணத்தில் முடுக்கமானி என்ன காட்டும்?' இதுவே கேள்வி. நான்கு விடைகள் தந்தேன்: மேல்நோக்கி 9.8; கீழ்நோக்கி 9.8, சுழி, எறிந்த உயரத்தைப் பொறுத்தது.

கைதூக்கச் சொன்னால் முதல் பெஞ்சைப் பார்த்துப் பின் பெஞ்சு கை தூக்கும் என்பது ஆசிரியர் அறியாததா? இதற்கு 'பிளிக்கர்ஸ்' என்ற செயலி உதவுகிறது. மாணவர்களிடம் எந்தக் கருவியும் இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொருவருக்கும் கட்டங்கள் அச்சிட்ட ஓர் அட்டை. அதன் நான்கு பக்கங்களும் நான்கு விடைகள். தாம் தேர்ந்த விடை மேற்புறம் வரும்படி அட்டையைத் தூக்கிப் பிடித்தால், ஆசிரியர் தம் டேப்பின் கேமராவை வகுப்பின் குறுக்கே ஒரு முறை நகர்த்தினால் போதும். எந்த எண்ணுள்ள அட்டை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை அது படித்துக்கொள்கிறது. விடையின் எழுத்து மிகச் சிறியதாகையால் பக்கத்திலிருப்பவரால் எளிதில் பார்த்தெழுத முடியாது. அட்டைகளைக் காகிதத்தில் அச்சிட்டுக் காலண்டர் அட்டையில் ஒட்டிக்கொண்டோம். ஒரே டேப் உள்ள வகுப்புக்கு இதைவிடப் பொருத்தமான செயலியை நான் காணவில்லை. முதலில் தனியாக வாக்களித்தல், பிறகு பக்கத்து மாணவருடன் வாதிடுதல், மறுபடி வாக்களித்தல் என்ற இந்த முறையை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மாஸர் என்ற இயற்பியல் பேராசிரியர் 1991-இல் தொடங்கினார். அவரும் தொடக்கத்தில் பயன்படுத்தியவை எளிய முறைகளே.

முப்பத்தெட்டுப் பேரில் பெரும்பாலோர் 'கீழ்நோக்கி 9.8' என்றனர். 'சுழி' என்றவர்கள் நான்கு பேர். சரியான விடையாயிற்றே என்று மகிழ்ந்து அவர்களிடம் காரணம் கேட்டேன். "உச்சியில் திசைவேகம் சுழி, அதனால் முடுக்கமும் சுழி" என்றனர் மூவர். விடை சரி, காரணம் முற்றிலும் தவறு! தேர்வுத் தாளில் இவர்களுக்கு முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன்.

அடுத்து எறிதல். நான்கு மாணவர்கள் ஒரு போர்வையின் மூலைகளை இழுத்துப் பிடித்துக்கொண்டனர். நடுவில் ஒரு தலையணை. கல்லூரியின் டேப்பை எறியும் துணிவு எனக்கு வரவில்லை. என் பழைய கைப்பேசியில் அதே செயலியைப் போட்டு, அதைத்தான் எறிந்தோம். ஃபைஃபாக்ஸில் 'தொலை அணுகல்' என்ற வசதி உண்டு. எறியப்படும் கருவியின் வரைபடம், அதே வைஃபை இணைப்பில் உள்ள மற்றொரு கருவியின் திரையில் அப்போதைக்கப்போது தெரியும். வகுப்பு முழுவதும் டேப்பின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தது.

கை தூக்கி எறியும்போது கோடு 9.8-க்கு மேலே எழும்பியது. கையை விட்டு நீங்கியதும் சடாரென்று சுழிக்கு அருகே விழுந்து, அங்கேயே சமமாக ஓடியது. ஏறத்தாழ அரை விநாடி. பிறகு தலையணையில் விழுந்த இடத்தில் ஒரு பெரிய கொம்பு. உச்சியில் மட்டுமன்று, ஏறும்போதும் சுழி, இறங்கும்போதும் சுழி. 'திசைவேகம் சுழி' என்ற காரணம் அந்தச் சமக்கோட்டில் அடிபட்டுப்போயிற்று. காற்றில் இருக்கும் நேரம் முழுவதும் சட்டமும் கட்டியும் சேர்ந்தே விழுகின்றன. வில்லுக்குத் தாங்க வேலையில்லை. கூரையிலிருந்து விழும் மனிதன் தன் எடையை உணரமாட்டான் என்று 1907-இல் ஐன்ஸ்டைனுக்குத் தோன்றிய எண்ணத்திலிருந்துதான் பொதுச் சார்பியல் கொள்கை வளர்ந்தது. அந்த எண்ணத்தை எங்கள் போர்வையில் கண்டோம் என்று சொன்னால் மிகையாகாது.

கோடு சரியாகச் சுழியில் நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கைப்பேசி சுழன்றுகொண்டே சென்றதால் சிறிது மையவிலக்க விளைவு. உணர்வியின் சுழிப் பிழை சிறிது. மேசைமேல் வைத்தபோது 9.8 என்பதற்குப் பதில் சில கருவிகள் 9.7 காட்டும், சில 9.9 காட்டும். இவற்றைக் கொண்டு சென்னைக்கும் லண்டனுக்கும் உள்ள ஈர்ப்பு வேறுபாட்டைக் காண முயல்வது வீண்.

காதால் பார்க்கும் கடிகாரம்

அப்படியானால் ஈர்ப்பு முடுக்கத்தை டேப்பால் நன்கு அளக்கவே முடியாதா? முடியும். ஆனால் முடுக்கமானியால் அன்று, ஒலிவாங்கியால்.

ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் குண்டு தரையை அடைய 0.452 விநாடி ஆகும். நிறுத்துக் கடிகாரத்தைக் கையால் அழுத்துவோர்க்கு, கண் கண்டு விரல் அசையவே ஏறத்தாழ 0.2 விநாடி போய்விடுகிறது. ஆகவே அந்தச் சோதனையை எந்தப் பாடத்திட்டமும் துணியவில்லை. ஊசலை ஐம்பது முறை ஆடவிட்டு நேரத்தை நீட்டிக்கொண்டோம். டேப்பின் ஒலிவாங்கியோ விநாடிக்கு 48,000 முறை ஒலியைப் பதிவு செய்யக்கூடியது. ஃபைஃபாக்ஸின் 'ஒலி நிறுத்துக் கடிகாரம்' முதல் ஓசையில் தொடங்கி, இரண்டாம் ஓசையில் நிற்கும். மில்லி விநாடிக் கணக்கில் நேரத்தைத் தரும்.

மேசை விளிம்பில் ஒரு மர அடிக்கோலை நீட்டி வைத்து, அதன் நுனியில் ஒரு சைக்கிள் பால்ரஸ் குண்டை நிறுத்துங்கள். தரையில் ஓர் எவர்சில்வர் தட்டு. இன்னோர் இரும்பு அடிக்கோலால் மரக்கோலைப் பக்கவாட்டில் 'டக்'கென்று தட்டினால் கடிகாரம் ஓடத் தொடங்கும். கோல் விலக, குண்டு விழும். தட்டில் 'டிங்' என்றதும் கடிகாரம் நிற்கும். கோலுடன் உராய்ந்து குண்டு சற்றுப் பக்கவாட்டில் நகருமே என்று ஐயுறலாம். கிடைமட்ட இயக்கம் விழும் நேரத்தைப் பாதிக்காது என்று பாடத்தில் படித்தது இங்கே கைகொடுக்கிறது.

முதல் நாள் எல்லாக் குழுக்களுக்கும் விடை சற்றே கூடுதலாக வந்தது. பலருக்கு 9.9-க்கு அருகில். எல்லாருக்கும் ஒரே பக்கமாகப் பிழை வந்தால் அது கைப்பிழை அன்று. ஏதோ ஒரு காரணம் ஒளிந்திருக்கிறது என்று பொருள். ஒரு மாணவிதான் அதைக் கண்டுபிடித்தார். எல்லாக் குழுக்களும் டேப்பைத் தரையில், தட்டின் அருகிலேயே வைத்திருந்தன. மேலே எழுந்த 'டக்' ஓசை டேப்பை அடைய ஒரு மீட்டர் பயணம் செய்ய வேண்டும். அதற்கு ஏறத்தாழ 0.003 விநாடி ஆகும். 'டிங்' ஓசையோ உடனே சேர்ந்துவிடும். ஆகவே கடிகாரம் அவ்வளவு தாமதமாகத் தொடங்குகிறது. மூன்று மில்லி விநாடிதானே என்று எண்ண வேண்டாம். கணக்கிட்டுப் பார்த்தால் 9.78 என்பது 9.91 ஆகிவிடும்! டேப்பை ஒரு முக்காலிமேல், கோல் நுனிக்கும் தட்டுக்கும் சம தூரத்தில் வைத்ததும் பிழை மறைந்தது. அதன்பின் குழுக்களின் விடைகள் 9.78-க்கு இருபுறமும் சிதறின.

அந்தச் சிதறலைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை வாசகர்கள் புரிந்துகொள்வார்கள் என்று நம்புகிறேன். உயரத்தை அளப்பதில் ஒரு சென்டிமீட்டர் தவறினால் விடையில் நூற்றுக்கு ஒன்று தவறும். நேரத்தில் ஒரு மில்லி விநாடி தவறினால் அதில் பாதிகூடத் தவறாது. ஆகவே இங்கே கவனிக்க வேண்டியது டேப்பை அன்று, மீட்டர் கோலை. குண்டின் அடிப்பகுதியிலிருந்து தட்டின் பரப்பு வரை அளக்க வேண்டும். நுண்ணிய கருவி கைக்கு வந்தவுடன் பழைய மரக்கோல் எவ்வளவு முக்கியமாகிவிடுகிறது பாருங்கள்!

இரண்டு டேப்கள் இருந்தால் ஒலியின் திசைவேகத்தையும் அளக்கலாம். நீண்ட தாழ்வாரம் ஒன்றில், 12 மீட்டர் இடைவெளியில் இரண்டையும் வைத்து, ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு மாணவர் நிற்கட்டும். முதல் மாணவர் கை தட்டுகிறார். அவருடைய கடிகாரம் உடனே தொடங்குகிறது. மற்றது ஒலி வந்து சேர்ந்தபின் தொடங்குகிறது. பிறகு இரண்டாமவர் தட்டுகிறார். அவருடைய கடிகாரம் உடனே நிற்கிறது. முதலாவது ஒலி திரும்பி வந்தபின் நிற்கிறது. இரு நேரங்களையும் கழித்தால், ஒலி போய்வர ஆன நேரம் கிடைக்கும். இரு கடிகாரங்களும் ஒரே நேரம் காட்ட வேண்டும் என்ற தேவையே இதில் இல்லை என்பதுதான் இதன் அழகு. எவ்வளவு நேரம் கழித்து இரண்டாமவர் தட்டினார் என்பதும் பொருட்டன்று.

ஒரு குழுவுக்கு முதல் டேப்பில் 2.318 விநாடி, இரண்டாவதில் 2.249 விநாடி. வேறுபாடு 0.069. ஒலி சென்று திரும்பிய தூரம் 24 மீட்டர். ஆகவே திசைவேகம் விநாடிக்கு 348 மீட்டர். நான் சுற்றி வந்து பார்த்தபோது, நோட்டில் 348 ரப்பரால் அழிக்கப்பட்டு, மேலே 331 என்று எழுதியிருந்தது. "ஏன் மாற்றினாய்?" என்றேன். "பள்ளிக்கூடப் புத்தகத்தில் 331 சார்" என்றார் மாணவர்.

அவரைக் கடிந்துகொள்ளவில்லை. சுவரில் தொங்கிய வெப்பநிலைமானியைப் பார்த்து வரச் சொன்னேன். 31 டிகிரி செல்சியஸ். 331 என்பது பனிக்கட்டி உருகும் வெப்பநிலைக்கு உரிய மதிப்பு. ஒவ்வொரு டிகிரிக்கும் ஒலியின் வேகம் ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடுகிறது. கூட்டிப் பார்த்தால் 350 வருகிறது. அழித்த எண்தான் உண்மைக்கு அருகில் இருந்தது.

திரையில் மட்டும் நடக்கும் சோதனை

அளக்கும் செயலிகளை இவ்வளவு புகழ்ந்துவிட்டதால், பாவனைச் செயலிகளை நான் வெறுப்பவன் என்று எண்ணிவிட வேண்டாம். 2001-இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவரான கார்ல் வீமன், அடுத்த ஆண்டே கொலராடோ பல்கலைக்கழகத்தில் 'ஃபெட்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். மின்சுற்று, அலைகள், ஒளிவிலகல், அணு அமைப்பு எனப் பல பொருள்களில் அதன் பாவனைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாகப் பதிவிறக்கிக்கொண்டால் இணையமின்றியும் இயங்கும். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 2018 முதல் 'இணையச் செயல்பாடு' என்ற தலைப்பில் கியூ.ஆர். குறியீட்டுடன் வரும் பக்கங்களில் ஃபெட், ஜியோஜீப்ரா ஆகியவற்றைக் காணலாம். பல பள்ளிகளில் அப்பக்கங்கள் நேராகப் புரட்டப்பட்டுவிடுகின்றன என்பது வேறு விஷயம்.

மின்சுற்றுப் பாவனையில் கம்பிக்குள் எலெக்ட்ரான்கள் நகர்வது தெரியும். உண்மைச் சுற்றில் அதை எவராலும் காட்ட முடியாது. 2005-இல் கொலராடோவில் நோவா ஃபிங்கல்ஸ்டைனும் உடன் பணியாற்றியவர்களும் ஓர் ஆய்வு வெளியிட்டனர். ஒரு பிரிவு மாணவர்கள் உண்மையான பல்புகளையும் கம்பிகளையும் கொண்டு பயின்றனர். மற்றொரு பிரிவினர் பாவனையில் மட்டும் பயின்றனர். பிறகு இரு பிரிவினரையும் உண்மைச் சுற்று ஒன்றைக் கட்டச் சொன்னபோது, பாவனையில் பயின்றவர்களே அதைக் கட்டி விளக்குவதில் மேம்பட்டு நின்றனர். என்னைப்போல் கம்பியும் பல்பும்தான் பெரிது என்று பேசுவோர் இம்முடிவை மறைக்கக் கூடாது.

ஆனால் பாவனையில் ஓர் ஆபத்து உண்டு. அதில் பல்பு எரியாமல் போவதற்குச் சுற்றுத் தவறு ஒன்றே காரணமாக இருக்கும். துருப்பிடித்த முனையும் தளர்ந்த திருகும் அங்கே இல்லை. ஊசலின் பாவனையில் அலைவு நேரம் சூத்திரத்திலிருந்தே பிறக்கிறது. அதை அளந்து சூத்திரத்தைச் 'சரிபார்த்தோம்' என்று எழுதுவது, தன் சட்டைப் பையிலிருந்த காசைத் தானே எடுத்து வருமானம் என்று எழுதுவது போன்றது. பாவனை எண்ணத்தைத் தெளிவாக்கும், சான்று ஆகாது. ஆகவே கண்ணுக்குத் தெரியாதவற்றுக்குப் பாவனையையும், கைக்கு எட்டுபவற்றுக்கு அளவீட்டையும் கொள்வது என் வழக்கம்.

ஜியோஜீப்ராவை 2001-இல் ஆஸ்திரிய நாட்டு மாணவராக இருந்த மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் உருவாக்கினார். கணித ஆசிரியர்கள் அதைப்பற்றி என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். எனக்கு அது பயன்படுவது, எடுத்த அளவீடுகளை வரைபடத்தில் இட்டு, அவற்றின் வழியே ஒரு கோடு வரைந்து சாய்வைக் காணத்தான். விம்மல்களைக் காட்ட இரண்டு டேப்களிலும் ஒலி உண்டாக்கும் பிரிவைத் திறந்து, ஒன்றில் 440, மற்றதில் 443 ஹெர்ட்ஸ் வைத்தால் விநாடிக்கு மூன்று விம்மல்கள் கேட்கும். இசைக்கவைகளில் மெழுகு ஒட்டி அல்லல்பட்டவர்களுக்கு இது ஒரு விடுதலை.

வாங்குமுன் பார்க்க வேண்டிய சில உண்டு. மலிவான டேப்கள் பலவற்றில் காந்தமானியும் சுழற்சிமானியும் இருப்பதில்லை. கடைக்காரர் 'எல்லா சென்சாரும் இருக்கு' என்பார். ஃபைஃபாக்ஸை அங்கேயே போட்டுப் பார்த்தால், இல்லாத உணர்விக்குரிய சோதனைகள் மங்கலாகத் தெரியும். காந்தமானி இருந்தாலும், மடக்கு உறையைக் கழற்றிவிட்டு அளவிடுங்கள். உறைகளில் மூடியைப் பிடித்துவைக்கக் காந்தம் வைத்திருப்பார்கள். நம் பகுதியில் புவிக்காந்தப் புலம் ஏறத்தாழ 40 மைக்ரோ டெஸ்லா. உறையின் காந்தம் அதை முற்றிலும் விழுங்கிவிடும். எங்களுக்கு இது தெரிய ஒரு பிற்பகல் பாழாயிற்று. ஒலிச் சோதனைகளின்போது மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். அல்லது எந்த உரத்த அளவுக்கு மேல் கடிகாரம் விழிக்க வேண்டும் என்பதைச் செயலியில் உயர்த்திவைக்க வேண்டும். மே மாதத்தில் மின்விசிறியை நிறுத்தச் சொல்லும் ஆசிரியர்மேல் மாணவர்க்கு ஏற்படும் எண்ணங்களை நான் இங்கு விவரிக்கவில்லை.

ஒலியின் வேகச் சோதனையைப் பாடத்திட்டத்துக்கு வெளியே ஒரு கூடுதல் சோதனையாக ரெக்கார்டு நோட்டில் எழுதிக்கொள்ள அனுமதித்திருந்தேன். செய்முறைத் தேர்வன்று புறத் தேர்வாளர் நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்து, 348 என்ற எண்ணைச் சிவப்பு மையால் வட்டமிட்டார். "331 அல்லவா வர வேண்டும்?" என்று கேட்டார். நான் வாய் திறக்கவில்லை, திறக்கவும் கூடாது.

"அது சுழி டிகிரிக்கு, சார். அன்றைக்குத் தாழ்வாரத்தில் 31 டிகிரி. 350 வந்திருக்க வேண்டும். இரண்டு குறைகிறது. ஒரு மில்லி விநாடி தப்பினாலே ஐந்து மீட்டர் மாறும், அதனால் இவ்வளவுதான் எங்களால் முடிந்தது" என்றார் மாணவர்.

தேர்வாளர் சற்று நேரம் நோட்டையே பார்த்தார். பிறகு தம் கைப்பேசியை எடுத்து, அந்தச் செயலியின் பெயரை எழுதிக்காட்டும்படி அவரிடம் கேட்டார்.